ஆர்.டி. படித்தவர்களுக்கு: எந்த ஊரில் உரிமம், எந்த ஊரில் சம்பளம்

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ரெஸ்பிரேட்டரி கேர் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளும், அல்சூர், ஆஸ்டின் டவுன், கே.ஆர். புரம் என்று இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் கடைசி வருடத்தில் கேட்பது ஒன்றுதான்: வெளிநாடு போனால் எவ்வளவு கிடைக்கும்? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் நாட்டில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் (ஆர்.டி., அதாவது மூச்சுச் சிகிச்சையும் வென்டிலேட்டரும் பார்ப்பவர்) என்று ஒரு வேலையே இருக்கிறதா?

பிரிட்டனில் இல்லை. அங்கே ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரை நர்ஸ்களும் டாக்டர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். சளி வெளியேற்றுவதும் மூச்சுப் பயிற்சியும் ஃபிசியோதெரபிஸ்ட் கையில். ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளப்பது) மாதிரியான பரிசோதனைகள் ரெஸ்பிரேட்டரி ஃபிசியாலஜிஸ்ட் கையில். ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான். இந்த இரண்டு நாடுகளுக்கும் 'ஆர்.டி. வேகன்ஸி' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பணம் கட்டும் முன் அது என்ன பதவி என்று எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை உண்டு, பெரிய மருத்துவமனைகள் எடுக்கின்றன. ஆனால் அங்கே அலைட் ஹெல்த் சட்டத்தின் பதிவுப் பட்டியலில் ஆர்.டி. இல்லாததால் மருத்துவமனைதான் உங்களை எடைபோடும். அமெரிக்கா, கனடா, சவூதி, எமிரேட்ஸ், கத்தார், ஓமன், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் இது தனித் தொழில், தனி உரிமம்.

முதலில் நம் ஊர்க் கணக்கு. பெங்களூர் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் புதிதாகச் சேருபவருக்கு மாதம் 15,000 முதல் 22,000 வரை சொல்வார்கள். நல்ல ஐ.சி.யு. அனுபவத்தோடு நான்கைந்து வருடம் போனால் 28,000 முதல் 40,000. படிப்பின் கனத்துக்கும் இரவு முழுக்க நிற்கும் வேலைக்கும் இது குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லும் தொகையும் கையில் வரும் தொகையும் வேறு என்பது அடுத்த விஷயம். 'வருடம் மூன்று லட்சம் சி.டி.சி.' (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000. அதில் பேசிக் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கு பி.எஃப். 1,500-ஐயும், பேசிக்கில் 4.81 சதவீதமாகக் கணக்கிடும் கிராஜுவிட்டி சுமார் 600-ஐயும் இந்த 25,000-க்குள்ளேயே அடைத்திருப்பார்கள். மிச்சம் ஏறக்குறைய 22,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 போக, கையில் 21,400. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடித்தமும் சேரும். கர்நாடகத்தில் 25,000-ஐத் தொட்டால் தொழில் வரி மாதம் 200. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் 'மன்த்லி கிராஸ் எவ்வளவு, நெட் எவ்வளவு' என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் அலவன்ஸ், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு ஷிஃப்டில் ஒருவர் எத்தனை வென்டிலேட்டர் பார்க்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். இருபது படுக்கை ஐ.சி.யு.வை இரவில் ஒரே ஆள் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் போகாதீர்கள், கற்றுக்கொள்ள நேரமே இருக்காது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு 'இரண்டு வருட பாண்ட்' என்று சொல்லும் இடத்தில் அசலைக் கொடுக்கவே வேண்டாம். அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அதோடு சரி. பின்னால் அட்டெஸ்டேஷனுக்கு (வெளிநாட்டுக்காகச் சான்றிதழில் அரசு முத்திரை வாங்குவதற்கு) அந்த அசல் இல்லாமல் ஒரு அடி கூட நகர முடியாது.

அரசு வேலை குறைவு. வரும் அறிவிப்புகளில் பதவியின் பெயரை நம்பாதீர்கள். 'அத்தியாவசியக் கல்வித் தகுதி' என்ற வரியைப் படியுங்கள். டெக்னீஷியன் என்று மட்டும் போட்டிருக்கும் பதவிக்கு ஆர்.டி. பட்டம் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். மத்திய அரசு நிறுவனத்தில் லெவல் 6 பதவி என்றால் அடிப்படை ஊதியமே 35,400, அதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப் படியும். தனியாரில் ஐந்து வருடம் ஓடி எட்டும் இடத்தில் இது தொடங்குகிறது.

சட்டத்துக்கு வருவோம். 2021-இல் நாடாளுமன்றம் நேஷனல் கமிஷன் ஃபார் அலைட் அண்ட் ஹெல்த்கேர் புரொஃபெஷன்ஸ் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் பெர்ஃபியூஷனிஸ்ட், ஈ.சி.ஜி. டெக்னாலஜிஸ்ட் ஆகியோரோடு 'ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்ட்' என்ற பெயரும் இருக்கிறது. 3 முதல் 6 வருடத்துக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு முடித்தவர் 'ஹெல்த்கேர் புரொஃபெஷனல்', 2 முதல் 4 வருடத்துக்குள் 2,000 மணி நேரம் முடித்தவர் 'அலைட் ஹெல்த் புரொஃபெஷனல்' என்று சட்டம் பிரிக்கிறது. பதிவேடு மாநில கவுன்சில்கள் கையில். உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் மணி நேரங்கள் பாடவாரியாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வெறும் மதிப்பெண் பட்டியல் போதாது. தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி, இன்டர்ன்ஷிப் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாவிட்டால் உங்கள் நான்கு வருடப் படிப்பு வெளிநாட்டு அதிகாரியின் கண்ணில் மூன்று வருடப் படிப்பாகிவிடும்.

இந்தச் சட்டம் வரும் முன்பு ஆர்.டி.க்குச் சட்டபூர்வமான கவுன்சில் எதுவும் நாடு முழுவதுக்குமாக இருந்ததில்லை. அந்த இடைவெளியில் 'அகில இந்திய பாராமெடிக்கல் கவுன்சில்' என்கிற மாதிரி பெரிய பெயர் வைத்த தனியார் சங்கங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குப் பதிவு அட்டை விற்றன, இன்னும் விற்கின்றன. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தின்கீழ் வராத அமைப்பின் அட்டைக்கு மதிப்பில்லை. அதை வெளிநாட்டு விண்ணப்பத்தில் இணைத்தால் ஆபத்து கூடும். அது சரிபார்ப்புக்குப் போய் 'உறுதி செய்ய முடியவில்லை' என்று திரும்பும்.

இனி காகிதங்கள். சம்பளத்தைவிட இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் தேர்வில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதுதான் அதிகம்.

வளைகுடா நாடுகள் எல்லாம் பட்டத்தையும் அனுபவத்தையும் அவற்றைக் கொடுத்த இடத்திலேயே போய்ச் சரிபார்க்கச் சொல்கின்றன. பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் இதைச் செய்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் பழைய மருத்துவமனைக்கும் அவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். பதில் வந்தால் 'பாசிட்டிவ்'. பதிலே வராவிட்டால் 'அனேபிள் டு வெரிஃபை'. முரண்பாடு தெரிந்தால் 'நெகட்டிவ்' வரை போகும், அது மற்ற நாட்டு விண்ணப்பங்களிலும் உங்களைத் துரத்தும்.

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி கே.', பட்டத்தில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் செல்வி, சர்நேம் கந்தசாமி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறினால் நாலாவது ஆள். நோட்டரி முன் ஸ்டாம்ப் பேப்பரில் 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்' என்று எடுக்கும் உறுதிமொழி பல இடங்களில் செல்லும், எல்லா இடத்திலும் செல்லாது. நிரந்தர வழி, படிக்கும்போதே பல்கலைக்கழகப் பதிவில் பெயரை இனிஷியல் விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டுவிடுவது. பட்டமளிப்புக்குப் பின் திருத்துவது பல மாத அலைச்சல்.

அடுத்தது அனுபவச் சான்று. லெட்டர்ஹெட், பணியாளர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், எந்த ஐ.சி.யு., கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், நிறுவனத்தின் சொந்த டொமைனில் உள்ள மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். பதவிப் பெயர் 'ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்' என்றே இருக்க வேண்டும். இங்கே சில மருத்துவமனைகள் அதே வேலைக்கு 'வென்டிலேட்டர் டெக்னீஷியன்', 'ஐ.சி.யு. டெக்னீஷியன்' என்று எழுதித் தருகின்றன. அந்த ஒரு சொல் உங்களை ஸ்பெஷலிஸ்ட் படியிலிருந்து டெக்னீஷியன் படிக்கு இறக்கிவிடும், சம்பளமும் கூடவே இறங்கும். வேலையில் சேரும் நாளில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே இதைச் சரிசெய்வது சுலபம். விலகும் நாளில் யாரும் செய்து தரமாட்டார்கள்.

இன்டர்ன்ஷிப்பை அனுபவமாக எண்ணமாட்டார்கள். வென்டிலேட்டர் விற்கும் கம்பெனியில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கும் அதே கதி. பெங்களூரில் அந்த வேலைக்கு மருத்துவமனையைவிட நல்ல சம்பளம் கிடைக்கும், ஞாயிறு விடுமுறையும் உண்டு. ஆனால் நோயாளி பக்கத்தில் நின்ற அனுபவம் அது இல்லை என்பதால் உரிம அதிகாரிகள் ஒதுக்கிவிடுவார்கள். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் 'கிளினிக்கல் கேப்' என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு வேலையை முடித்த பின் இந்தக் கம்பெனி வேலைப் பக்கம் வாருங்கள்.

அட்டெஸ்டேஷன் மாநிலத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் மாநில அளவிலான முத்திரை தமிழ்நாட்டில்தான், நீங்கள் பெங்களூரில் பத்து வருடம் இருந்தாலும் சரி. அதன்பிறகு வெளியுறவு அமைச்சகம். சவூதி 2022 டிசம்பரில் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் (உறுப்பு நாடுகள் ஒரே முத்திரையை ஏற்கும் ஏற்பாடு) வந்துவிட்டதால் அங்கே தூதரக முத்திரைச் சுற்று குறைந்தது. எமிரேட்ஸுக்குத் தூதரக முத்திரை தேவை.

சவூதியில் உரிமம் தருவது சவூதி கமிஷன் ஃபார் ஹெல்த் ஸ்பெஷாலிட்டீஸ், விண்ணப்பம் மும்மாரிஸ் பிளஸ் தளத்தில். டிப்ளமாவுக்கு டெக்னீஷியன், பட்டத்துக்கு ஸ்பெஷலிஸ்ட், முதுகலையோடு அனுபவமும் சேர்ந்தால் சீனியர் ஸ்பெஷலிஸ்ட். எமிரேட்ஸில் உரிமம் தரும் அமைப்பு துபாய்க்கு டி.எச்.ஏ., அபுதாபிக்கு டி.ஓ.எச்., மற்ற எமிரேட்களுக்கு மோஹாப். தகுதி விதிகள் மூன்றுக்கும் பொது. உரிமம் பொது இல்லை, துபாய் உரிமத்தோடு அபுதாபியில் வேலை பார்க்க முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். கத்தாரில் டி.எச்.பி., பஹ்ரைனில் என்.எச்.ஆர்.ஏ., ஓமனில் தேர்வு நடத்துவது ஓ.எம்.எஸ்.பி. ஒருமுறை எடுத்த டேட்டாஃப்ளோ அறிக்கையை இன்னொரு நாட்டுக்கு மாற்றிக் கேட்கலாம், மறுபடி முழுப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஏஜென்ட்கள் இதைச் சொல்வதில்லை.

உரிமத் தேர்வு கணினியில், பெரும்பாலும் பிரோமெட்ரிக் என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில். நம் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று அலகுகள். இங்கே நாம் பார்ப்பது பி டைப், டி டைப் சிலிண்டர். பி டைப்பின் நீர்க் கொள்ளளவு 10 லிட்டர். அழுத்த மானி (சதுர செ.மீ.க்கு) 100 கிலோ காட்டினால் ஏறக்குறைய 1,000 லிட்டர் ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். தேர்விலோ அமெரிக்க முறையில் ஈ சிலிண்டர், அழுத்தம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) கணக்கு. அதற்குக் காரணி, அதாவது ஒரு பி.எஸ்.ஐ.க்கு எத்தனை லிட்டர் என்பது, 0.28. மானி 2,000 பி.எஸ்.ஐ., 200 மிச்சம் வைக்க வேண்டும், ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 1,800-ஐ 0.28-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். 100 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். எச் சிலிண்டருக்குக் காரணி 3.14. ஆக்ஸிஜன் சிலிண்டரின் நிறமும் மாறும். நமக்குக் கறுப்பு உடல், வெள்ளைத் தோள், அமெரிக்காவில் பச்சை. சில மருத்துவமனைகளில் ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) கருவி கிலோபாஸ்கலில் காட்டும். அங்கே கார்பன் டை ஆக்ஸைடு 5.3 என்றால் பதறக் கூடாது, 7.5-ஆல் பெருக்கினால் நம் 40 மி.மீ. பாதரசம்.

இன்னொன்று டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவு. ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்குக் கிலோவுக்கு 6 மி.லி. என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிலோ என்பதில்தான் தவறு. உயரத்திலிருந்து வரும் எடை அது. பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50, அதோடு 152.4 செ.மீ.க்கு மேல் உள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்ட வேண்டும். 158 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 50.6 கிலோ வரும், டைடல் வால்யூம் சுமார் 304 மி.லி. படுக்கையில் எடை 75 கிலோ என்று பார்த்து 450 வைத்தால் நுரையீரலைக் கிழிக்கிற வேலை. 2000-இல் வெளியான ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் ஆய்வில் 12 மி.லி. குழுவில் இறப்பு 39.8 சதவீதம், 6 மி.லி. குழுவில் 31. தேர்வுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள், இன்றிரவு டியூட்டியிலும் டேப் எடுத்து உயரத்தை அளங்கள்.

வளைகுடாச் சம்பளத்தை ஒரே எண்ணாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். சவூதியில் சிறிய தனியார் மருத்துவமனை 4,000 முதல் 6,000 ரியால் பேசும். அரசு, ராணுவ, பெரிய சிறப்பு மருத்துவமனைகள் அதைத் தாண்டி 8,000-க்கு மேலும் போகும். ரியாலும் திர்ஹாமும் டாலரோடு கட்டப்பட்டவை, ஒரு டாலருக்கு 3.75 ரியால், 3.67 திர்ஹாம், ஆகவே இரண்டும் ரூபாய்க்கு எதிராகச் சேர்ந்தே ஏறும், இறங்கும். பார்க்க வேண்டியது தங்குமிடம், போக்குவரத்து, வருடாந்தர டிக்கெட் ஆகியவை தனியாகக் கிடைக்கின்றனவா அல்லது சம்பளத்துக்குள்ளேயே இருக்கின்றனவா என்பது. எமிரேட்ஸில் கடைசியில் கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கின் மேல்தான், முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் கணக்கு. மொத்தம் 8,000 என்று சொல்லி பேசிக்கை 2,500 ஆகப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு 2,500-இன் மேல்தான் ஓடும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கலாம் என்று விதி சொல்வது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், அங்கேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்கச் சம்பளம்தான் எல்லோர் கண்ணையும் இழுக்கிறது. அந்த நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி நடுநிலை வருடச் சம்பளம் 80,450 டாலர். கலிஃபோர்னியாவில் சராசரி லட்சம் டாலரை ஒட்டியும் தாண்டியும் போகும். அலபாமா, மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்களில் அறுபதாயிரத்துச் சொச்சம். வாடகை வித்தியாசத்தைக் கழித்தால் இந்த இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கும் என்பது என் எண்ணம்.

உரிமம் அங்கே மாநிலம் கொடுப்பது. அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். அதற்கு அடிப்படை என்.பி.ஆர்.சி. என்ற தேசிய வாரியம் நடத்தும் தேர்வு. டி.எம்.சி. என்ற தேர்வில் 160 கேள்விகள், அவற்றில் 140-க்குத்தான் மதிப்பெண். இரண்டு வெட்டு மதிப்பெண்கள் உண்டு. கீழ்க்கோட்டைத் தாண்டினால் சி.ஆர்.டி. என்ற முதல்படிச் சான்று. மேல்கோட்டைத் தாண்டினால் சிமுலேஷன் தேர்வு எழுதி ஆர்.ஆர்.டி. என்ற மேல்படிச் சான்று வாங்கலாம். கலிஃபோர்னியா 2015-லிருந்து புதியவர்களிடம் ஆர்.ஆர்.டி. கேட்கிறது. டெக்சஸ் தனியாகச் சட்டத் தேர்வு ஒன்றும் வைக்கிறது. இரண்டு வருடத்துக்கொரு முறை தொடர்கல்வி மணி நேரங்களும் காட்ட வேண்டும், கலிஃபோர்னியாவில் 30, டெக்சஸில் 24.

ஆனால் அந்தத் தேர்வறைக்குள் நுழைய கோஆர்க் (ஆர்.டி. படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். பெங்களூரிலோ சென்னையிலோ வாங்கிய பட்டம் நேரடியாகச் செல்லாது. அங்கே போய் மறுபடி இரண்டு வருட அசோசியேட் படிப்பாவது படிக்க வேண்டும், சில பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கலாம். விசாவும் நர்ஸ்களுக்கு உள்ள மாதிரி இல்லை. நர்ஸ்களையும் ஃபிசியோக்களையும் க்ரீன் கார்டு விதியில் ஷெட்யூல் ஏ என்ற ஆள் பற்றாக்குறை வேலைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆர்.டி. அதில் இல்லை. எச்-1பி வேலை விசாவுக்குக் குறைந்தது பட்டப்படிப்பு தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும், ஆர்.டி.க்கு அசோசியேட் பட்டமே போதும் என்பதால் அந்தக் கதவும் பெரும்பாலும் திறக்காது. 'அமெரிக்காவில் ஆர்.டி. வேலை, ஸ்பான்சர் ரெடி' என்பவரிடம் எந்த விசா வகை என்று மட்டும் கேளுங்கள்.

கனடா நடுவழி. அங்கே உங்கள் பட்டத்தை எடைபோட ஒரு முறை இருக்கிறது. ஒன்டாரியோவில் உரிம அமைப்பான சி.ஆர்.டி.ஓ. முதலில் பாடத்திட்டத்தை ஒப்பிடும், பிறகு நேர்காணல், பிறகு செய்முறைத் திறன் மதிப்பீடு. குறை இருந்தால் எந்தப் பாடம் என்று சொல்லி நிரப்பச் சொல்வார்கள். நம்மவர்களுக்குக் குறை வரும் இடங்கள் பெரும்பாலும் மயக்க மருந்து உதவி, வீட்டுப் பராமரிப்பு, பச்சிளங்குழந்தைப் பிரிவு. இன்டர்ன்ஷிப்பில் என்.ஐ.சி.யு. சுற்று வந்தால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கியூபெக்கில் வேலைக்குப் பெயரே வேறு, ஆணைக்குழு ஓ.பி.ஐ.க்யூ., பிரெஞ்சு இல்லாமல் முடியாது. சம்பளம் மணிக்கணக்கில், பொதுவாக 30 கனடிய டாலரிலிருந்து நாற்பதுகளின் நடு வரை. வாரம் 37.5 மணி, வருடம் 1,950 மணி என்று பெருக்கிக்கொள்ளுங்கள். 35 டாலர் என்றால் வரிக்கு முன் 68,250. குடியேற்றத்தில் இந்த வேலையின் குறியீடு 32103. 2023-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (கனடாவின் நிரந்தரக் குடியேற்ற விண்ணப்ப முறை) சுகாதாரப் பிரிவைத் தொடங்கியபோது இது பட்டியலில் இருந்தது.

இந்த மதிப்பீடு முடிய ஒன்றிரண்டு வருடம் ஆகும். அந்தக் காலத்தில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கடந்த இரண்டு வருடத்துக்குள் நோயாளியைப் பார்த்தீர்களா என்று அவர்களும் கேட்பார்கள். பகுதிநேரமாக இருந்தாலும் ஐ.சி.யு. டியூட்டி ஓடட்டும். எந்த மாதம், எந்தப் பிரிவு, எத்தனை ஷிஃப்ட், எத்தனை இன்டியூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது) உதவி, எத்தனை நோயாளிப் போக்குவரத்து என்று ஒரு நோட்டில் எழுதி, மாதா மாதம் இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.